தோள்வலிக்குப் பி.ஆர்.பி. ஊசி: வரிசையில் அதன் இடம்

தோள்வலியோடு எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வரும் பலரின் கையில் இன்று ஓர் எம்.ஆர்.ஐ. அறிக்கை இருக்கிறது, காதில் "பி.ஆர்.பி. போட்டுப் பார்க்கலாமே" என்ற யோசனை ஒலிக்கிறது. அறிக்கையில் தசைநாண் தேய்வு, பகுதிக் கிழிசல் என்றெல்லாம் எழுதியிருப்பது பயமுறுத்துகிறது. யோசனை ஆறுதலாக இருக்கிறது. உங்கள் இரத்தத்தையே எடுத்து, காயம் ஆற்றும் பகுதியை அதிலிருந்து பிரித்து, உங்கள் தோளிலேயே செலுத்துவார்களாம். கத்தி இல்லை, ஸ்டீராய்டு இல்லை, பணம்தான் கொஞ்சம் கூடுதல். இந்த ஊசியை அடியோடு ஒதுக்க வேண்டும் என்று இந்த அத்தியாயம் சொல்லவில்லை. ஆனால் அதைச் சிகிச்சையின் தொடக்கத்தில் வைப்பது தவறு என்று சொல்கிறது. ஒழுங்காகப் பயிற்சி செய்தும் மாதக்கணக்கில் வலி விடாத சிலருக்கு, பலன் உறுதியில்லை என்று தெரிந்தே எடுத்துக்கொள்ளும் ஒரு வாய்ப்பு அது; அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல இன்றுள்ள ஆதாரம் இடம் தரவில்லை.

முதலில் அந்த அறிக்கையைக் கவனிப்போம், ஏனென்றால் அவசர முடிவுகள் அங்கேதான் தொடங்குகின்றன. மேற்கை எலும்பின் உருண்டைத் தலையை நான்கு தசைகள் சுற்றிப் பிடித்துக் குழியில் நிலைநிறுத்துகின்றன. அவற்றின் தசைநாண்கள் ஒன்றாகச் சேர்ந்து எலும்பில் பொருந்தும் பகுதிக்கு ரொட்டேட்டர் கஃப் என்று பெயர். பெரும்பாலும் நோவது அதன் மேற்புறத்தில் ஓடும் சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாண். கொடியில் துணி போடும்போதும், பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்கும்போதும், பரணிலிருந்து பாத்திரம் இறக்கும்போதும் அதற்குத்தான் வேலை. வயது ஏற ஏற அதன் நார்கள் ஒழுங்கு குலைகின்றன, ஆங்காங்கே நைகின்றன. இது எவ்வளவு சாதாரணம் என்பதை 1995-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. தோளில் எந்தத் தொந்தரவும் இல்லாத 96 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் 34 சதவீதத்தினருக்குக் கிழிசல் இருந்தது. 60 வயதைக் கடந்தவர்களில் அது 54 சதவீதம். வலியே இல்லாதவர்களின் கணக்கு இது. ஆகவே படத்தில் கிழிசல் தெரிவதும், உங்கள் வலிக்கு அந்தக் கிழிசல்தான் காரணம் என்பதும், அதை ஒட்டவைத்தால்தான் வலி போகும் என்பதும் மூன்று வெவ்வேறு கூற்றுகள். முதலாவதை மட்டுமே படம் நிரூபிக்கிறது. நைந்த தசைநாண்களோடு கோடிக்கணக்கானவர்கள் வலியின்றி வாழ்கிறார்கள் என்றால், நார்களைப் புதுப்பிக்காமலே வலியைக் குறைக்க வழி உண்டு என்றுதான் பொருள்.

இனி ஊசிக்கு வருவோம். பி.ஆர்.பி. என்பது தட்டணு செறிந்த பிளாஸ்மா என்பதன் ஆங்கிலச் சுருக்கம். தட்டணு என்றால் என்னவென்று டெங்குக் காய்ச்சல் நம் வீடுகளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்க வேண்டிய அந்த அணுக்கள், இரத்தம் உறைய உதவுவதோடு நிற்பதில்லை. காயம்பட்ட இடத்தில் அவை வெடித்து வளர்ச்சிக் காரணிகள் எனும் புரதங்களைக் கொட்டுகின்றன; புதிய இரத்தக் குழாய்கள் முளைப்பதற்கும், நார் நெய்யும் செல்கள் பெருகுவதற்கும் அவை தூண்டுகோல். கையிலிருந்து இரத்தம் எடுத்து மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றினால் கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்கும், தட்டணு செறிந்த மஞ்சள் பிளாஸ்மா மேலே நிற்கும். அதைச் சில மில்லி எடுத்து, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே தோளில் செலுத்துகிறார்கள். தசைநாணில் இயல்பாகவே இரத்த ஓட்டம் குறைவு, ஆறுவதும் மெதுவாக. அங்கே வளர்ச்சிக் காரணிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் ஆறுவது வேகமெடுக்கும் என்பது கருத்து. கருத்தில் பிழையில்லை. ஆய்வகத் தட்டில் தசைநாண் செல்கள் இந்தத் திரவத்தில் உற்சாகமாகப் பெருகவும் செய்கின்றன. ஆனால் நாற்றங்காலில் செழித்ததெல்லாம் வயலில் விளைந்துவிடுவதில்லை. ஆண்டுக்கணக்கில் தேய்ந்து, நாள்தோறும் இழுபடும் ஒரு தசைநாணில் ஒருமுறையோ இருமுறையோ ஊற்றும் சில மில்லி திரவம் எவ்வளவு நேரம் தங்கும், எவ்வளவு மாற்றும் என்பதை நோயாளிகளிடம் சோதித்துத்தான் அறிய முடியும்.

அப்படிச் சோதித்தவற்றைப் படிக்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்: எதோடு ஒப்பிட்டார்கள்? துருக்கியில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில் நாள்பட்ட தோள் தசைநாண் நோய் உள்ள 40 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பி.ஆர்.பி.யும் மறுபாதிக்கு வெறும் உப்புநீரும் செலுத்தினார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. எல்லோருக்கும் ஒரே பயிற்சித் திட்டம். ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரண்டு பாதியும் நன்றாகத் தேறியிருந்தன. இரண்டுக்கும் நடுவே வேறுபாடு இல்லை. 2019-இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஆய்வு இன்னும் நுணுக்கமானது. சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாணின் உள்ளே மட்டும் கிழிசல் கண்ட 80 பேரைத் தேர்ந்து, அந்தக் கிழிசலுக்குள்ளேயே ஊசியைச் செலுத்தினார்கள். பி.ஆர்.பி. வேலை செய்ய இதைவிடத் தோதான இடம் அமையாது. ஆனாலும் கிழிசல் ஆறுவதிலோ வலி குறைவதிலோ உப்புநீரை அது மிஞ்சவில்லை. நீடித்த வலி, தோள் இறுக்கம் முதலிய தொந்தரவுகள்தான் பி.ஆர்.பி. பெற்றவர்களிடம் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தன.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2013-இல் தென்கொரியாவில் 39 பேரிடம் நடந்த ஆய்வில், மருந்தில்லாத ஊசியால் தசைநாணைக் குத்தும் முறையோடு ஒப்பிட்டபோது, ஆறு மாதத்தில் பி.ஆர்.பி. பெற்றவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. கனடாவில் 99 பேரிடம் ஸ்டீராய்டு ஊசியோடு நேருக்கு நேர் ஒப்பிட்டு 2021-இல் வெளியிட்ட முடிவில், மூன்றாம் மாதத்தில் பி.ஆர்.பி. முன்னால் நின்றது, பன்னிரண்டாம் மாதத்தில் அந்த முன்னிலை கரைந்துவிட்டது. இந்த இரண்டையும் காட்டித்தான் பல இடங்களில் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. ஸ்டீராய்டை வென்றது என்ற செய்தி பெரிதாகப்படலாம். ஆனால் ஸ்டீராய்டின் நற்பலன் சில வாரங்களில் மங்குவது மருத்துவ உலகம் நெடுநாளாக அறிந்தது. மூன்றாம் மாதத்தில் அதை முந்துவதற்கு எதிராளி இறங்கிப்போயிருந்தாலே போதும். உப்புநீர்தான் நேர்மையான எதிராளி. தோளில் அந்தப் போட்டி நடந்த துருக்கி, சுவிட்சர்லாந்து ஆய்வுகள் இரண்டிலும் பி.ஆர்.பி. வெல்லவில்லை. குதிகால் தசைநாணிலும் இதே கதை. நெதர்லாந்தில் 54 பேரிடம் 2010-இலும், பிரிட்டனில் 240 பேரிடம் 2021-இலும் வெளியான இரு ஆய்வுகளில் போலி ஊசிக்கும் இதற்கும் வேறுபாடு தெரியவில்லை. முழங்கை வெளிப்புற வலிக்கான முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் கொக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பீடும் குறிப்பிடத்தக்க நன்மை எதையும் காணவில்லை. மூன்று வெவ்வேறு தசைநாண்கள் ஒரே பதிலைச் சொல்லும்போது, தோளுக்கு மட்டும் விதிவிலக்கு கேட்பவரே அதற்கான சான்றைக் கொண்டுவர வேண்டும்.

இதற்கு எதிராக எழும் மறுப்புகளில் வலுவான ஒன்று உண்டு. அதை அலட்சியமாகத் தள்ளுவது நியாயமாகாது. பி.ஆர்.பி. என்பது ஒரே மருந்து அல்ல என்பதுதான் அது. ஒரு கருவி தட்டணுவை இரு மடங்காக்குகிறது, இன்னொன்று ஆறு மடங்காக்குகிறது. ஒன்று வெள்ளையணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது, இன்னொன்று விலக்குகிறது. எவ்வளவு இரத்தம் எடுத்தார்கள், ஊசியைத் தசைநாணுக்குள் போட்டார்களா அதன்மேல் உள்ள திரவப் பையில் போட்டார்களா, ஒரு தடவையா மூன்று தடவையா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆகவே, தோற்றவை மோசமான தயாரிப்புகள்தான், சரியான தயாரிப்பு வெல்லும் என்று இதை ஆதரிப்பவர்கள் வாதாடுகிறார்கள். இருக்கலாம். ஆனால் இந்த வாதம் இரு பக்கமும் வெட்டும். எந்தத் தயாரிப்பு வேலை செய்கிறது என்று தெரியாதபோது, உங்களுக்குப் போடப்போவது அந்த நல்ல தயாரிப்புதான் என்று எப்படிச் சொல்ல முடியும்? ஒரு கணக்கைப் பாருங்கள். ஒருவரின் இரத்தத்தில் தட்டணு ஒன்றரை லட்சம், மற்றவருக்கு நான்கு லட்சம். ஒரே இயந்திரம் இருவருக்கும் மூன்று மடங்காக்கினால் முன்னவருக்குக் கிடைப்பது நாலரை லட்சம், பின்னவருக்குப் பன்னிரண்டு லட்சம். இந்தத் துறையில் அடிக்கடி சொல்லப்படும் இலக்கு மைக்ரோலிட்டருக்குப் பத்து லட்சம். முன்னவர் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் இருவர் கையிலும் ஒரே தொகைக்கு ஒரே ரசீது இருக்கும். அளவு தெரியாத மருந்தை வேறு எந்த நோய்க்கும் நாம் வாங்கிக்கொள்ள மாட்டோம். தயாரிப்பு வேறுபாட்டைக் காரணம் காட்டும் மருத்துவமனை, தான் தயாரித்த திரவத்தில் தட்டணு எண்ணிக்கை எவ்வளவு என்று எழுதித் தரவாவது வேண்டும்.

"போட்டுக்கொண்ட எத்தனையோ பேர் குணமாகியிருக்கிறார்களே" என்பது அடுத்த மறுப்பு. குணமாகியிருக்கிறார்கள்; அதில் பொய்யில்லை. துருக்கி ஆய்வில் உப்புநீர் பெற்றவர்களும் குணமானார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். தோள்வலி ஏறி இறங்கும் இயல்புடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர்கள் ஊசிக்குச் சம்மதிக்கிறார்கள், அதன்பின் அது இறங்கத்தான் செய்யும். ஊசி போட்ட கையோடு சில வாரங்கள் பாரம் தூக்காதீர்கள் என்கிறார்கள், பயிற்சியும் தருகிறார்கள். செலவழித்த பணமும், இரத்தம் சுழல்வதைக் கண்ணால் பார்த்ததும் எதிர்பார்ப்பை வளர்க்கின்றன. எதிர்பார்ப்பு வலியை உண்மையாகவே குறைக்கும். இதன் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடுபவர்களுக்குத் தோள் அறுவைச் சிகிச்சையின் வரலாறே பாடம். எலும்பு முனையைச் சீவித் தசைநாணுக்கு இடம் உண்டாக்கும் அறுவை உலகெங்கும் பல்லாயிரக்கணக்கில் செய்யப்பட்டுவந்தது. பிரிட்டனில் 313 பேரிடம் நடத்தி 2018-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், கேமராவை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு எதையும் சீவாமல் தையல் போட்டவர்களும், சீவப்பட்டவர்களும் ஒரே அளவில் தேறினார்கள். மயக்க மருந்தும் தையலும் கொண்ட சிகிச்சையே இப்படியென்றால், ஒரு ஊசிக்குப் பின் வந்த நிம்மதியை மட்டும் வைத்து அந்த ஊசிக்கு மதிப்பெண் போட முடியாது. 2009-இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஹைன்ஸ் வார்டு முழங்காலில் பி.ஆர்.பி. போட்டுக்கொண்டு சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் இறங்கியதிலிருந்து விளையாட்டு வீரர்களின் பெயர்களும் இந்த ஊசிக்கு விளம்பரமாகிவிட்டன. அவருக்கு இருந்தது அப்போதுதான் பட்ட மூட்டுநார்க் காயம். ஐம்பது வயதுத் தோள் தேய்வு வேறு நோய்.

சொந்த இரத்தம் என்பதால் கெடுதல் இல்லை என்பது பாதி உண்மை. ஒவ்வாமை வராது, வேறொருவரின் கிருமி வராது. ஆனால் இரத்தம் உடலைவிட்டு வெளியே போய்த் திரும்புகிறது. குழாயும் கையும் சுத்தமில்லாவிட்டால் மூட்டில் சீழ் பிடிக்கலாம், அரிதாக. ஊசிக்குப் பின் சில நாள் வலி கடுமையாவது சகஜம். இவற்றைவிடப் பெரிய கெடுதல் காலவிரயம். மூன்று ஊசிகளுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் பயிற்சியைத் தள்ளிப்போடுகிறவர்கள் ஏராளம்.

ஸ்டீராய்டைத் தவிர்க்கத்தான் பி.ஆர்.பி. கேட்கிறேன் என்பவரின் நிலை கொஞ்சம் வேறு, அதற்கு நியாயம் உண்டு. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியை நன்றாக அடக்கும், தூங்கவிடும், பயிற்சியைத் தொடங்க அவகாசம் தரும். திரும்பத் திரும்பப் போட்டால் தசைநாண் பலவீனமாகும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும். நம் ஊரில் நாற்பது வயதைக் கடந்தவர்களில் இந்தக் கூட்டம் சிறியதல்ல. சர்க்கரை கட்டுக்கடங்காதவர், ஏற்கெனவே ஒன்றிரண்டு ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பலன் நிலைக்காதவர் ஆகியோரைத்தான் பி.ஆர்.பி.யைப் பற்றி யோசிக்கத் தகுந்தவர்களாக நான் கருதுவேன். அவர்களும்கூடப் பயிற்சியை முடித்துவிட்டு வர வேண்டும்.

பயிற்சி என்றதும் "பிசியோதெரபி போய்ப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்ற பதில் உடனே வரும். போய் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பத்து நாள் கரண்ட் வைத்தார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள் என்பார்கள். அது பயிற்சி ஆகாது. தசைநாண் தேறுவது படிப்படியாகக் கூடும் பாரத்தால். தொடக்கத்தில் முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, கையின் வெளிப்புறத்தால் சுவரை அழுத்திச் சில நொடிகள் பிடித்திருந்தால் போதும். கை அசைய வேண்டியதில்லை. பிறகு அதே நிலையில் ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுப்பது, ஒருக்களித்துப் படுத்துச் சிறு எடையைத் தூக்குவது, கடைசியில் கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோய் எடையோடு வேலை வாங்குவது. செய்யும்போது லேசான வலி இருந்தால் நிறுத்தத் தேவையில்லை. பத்துக்கு நான்கைத் தாண்டாமலும், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பியும் இருந்தால் பாரம் சரியாக இருக்கிறது. தாண்டினால் ஒரு படி இறங்குங்கள். பன்னிரண்டு வாரம் இப்படிச் செய்யாமல் பயிற்சி பலிக்கவில்லை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. இதற்குத் தினமும் மருத்துவமனைக்கு அலையவும் வேண்டாம். பிரிட்டனில் 708 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், பல தடவை வரவழைத்துப் பயிற்சி தந்தவர்களுக்கும், ஒரே அமர்வில் கற்றுக்கொடுத்து வீட்டில் செய்யச் சொன்னவர்களுக்கும் ஓராண்டில் வேறுபாடு இல்லை. பயிற்சிக்கு எதிராகவும் இதைப் படிக்கலாம், அதிகம் செய்தும் பயனில்லையே என்று. எனக்கு அது எளியவர்களுக்குச் சாதகமான செய்தியாகத்தான் படுகிறது. முழுக் கிழிசலே இருந்தாலும், அடிபடாமல் தானாக வந்த கிழிசலுள்ள 452 பேரைப் பயிற்சியில் வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில், இரண்டாண்டுக்குள் அறுவையை நாடியவர்கள் கால்வாசிக்கும் குறைவு.

இந்த வாதம் பொருந்தாத இடங்களும் உண்டு. விழுந்தோ அடிபட்டோ அன்றிலிருந்து கையைத் தூக்க முடியாமல் போனவர்கள் பயிற்சியிலும் ஊசியிலும் வாரங்களைக் கழிக்கக் கூடாது; தைக்க வேண்டிய கிழிசலாக இருந்தால் தாமதம் கெடுதல். காய்ச்சலோடு வீங்கிய தோள், எடை குறைவதோடு சேர்ந்து ஓய்விலும் விடாத வலி, கழுத்திலிருந்து விரல்வரை ஓடும் மரமரப்பு எல்லாம் வேறு நோய்களின் அறிகுறிகள். மற்றவர் பிடித்துத் தூக்கினாலும் கை மேலே போகவில்லை என்றால் அது பெரும்பாலும் ஃப்ரோசன் ஷோல்டர் எனப்படும் தோள் இறுக்கம். அதற்கு வைத்தியமும் கால அளவும் வேறு.

இவ்வளவும் தெரிந்து, பன்னிரண்டு வாரப் பயிற்சியையும் முடித்து, அப்படியும் பி.ஆர்.பி.யை முயல நினைத்தால், சம்மதிக்கும் முன் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: அல்ட்ராசவுண்ட் பார்த்துத்தான் போடுவீர்களா, எந்த இடத்தில், எத்தனை ஊசி, தயாரித்த திரவத்தில் தட்டணு எவ்வளவு, வெள்ளையணு சேர்ந்ததா நீக்கியதா, மொத்தச் செலவு எவ்வளவு. காப்பீட்டை நம்பியிருந்தால் நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் பதில் வாங்குங்கள். ஊசிக்கு ஒரு வாரம் முன்பிருந்து புரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள், ஏனென்றால் அவை தட்டணுவின் வேலையைத் தடுக்கும். இதய நோய்க்காக ஆஸ்பிரினோ இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் இதயமருத்துவரைக் கேட்காமல் அதை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. தோள்வலிக்காக மாரடைப்பை அழைக்க வேண்டியதில்லை. ஊசிக்கு முன்னால் ஒரு தாளில் தேதியிட்டு எழுதிவையுங்கள்: இரவில் எத்தனை தடவை வலியால் விழிக்கிறீர்கள், கை எந்த உயரம்வரை போகிறது, எந்த மூன்று வேலைகளைச் செய்ய முடியவில்லை. ஊசிக்குப் பின் வலி தணிந்ததும் பயிற்சிக்குத் திரும்பி, மூன்றாம் மாத முடிவில் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். எழுதியது எதுவும் மாறவில்லை என்றால், இன்னொன்று போட்டால் பிடிக்கும் என்று யார் சொன்னாலும் இரண்டாவது ஊசிக்குச் சம்மதிக்காதீர்கள்.